சர்க்கரை இறங்கினால் உடம்பு ஏன் சொல்வதில்லை? இன்சுலினால் உயிர் பிழைத்த டாக்டர் ராபின் லாரன்ஸின் கதை

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். டவுனைத் தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே வளைவுகள் ஆரம்பித்துவிடும். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி, அதைத் தாண்டி ரிங்லெட் என்று மேலே போகப் போக, ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வழியே இல்லை.

இப்போது ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். காரை ஓட்டுவது உங்கள் மாமா. இருபது வருஷமாக இன்சுலின் போடுகிறார். காலையில் ஊசி போட்டாச்சு. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பசியாறாமல் கிளம்பிவிட்டார். பாதி மலையில் அவர் ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது. இந்த நேரத்தில் கை நடுங்க வேண்டும், வியர்க்க வேண்டும், நெஞ்சு படபடக்க வேண்டும், பசி வயிற்றைக் கிள்ள வேண்டும். மாமாவுக்கு இது எதுவுமே வரவில்லை. கேட்டால் நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறார். ஆனால் பேச்சு குழறுகிறது, கார் நடுக்கோட்டைத் தாண்டுகிறது.

இது அபூர்வமான சம்பவம் இல்லை. டைப் 1 நீரிழிவு உள்ள பெரியவர்களில் சுமார் 5 பேரில் ஒருவருக்கு, சர்க்கரை இறங்குவதை உணரும் சக்தி குறைந்துவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. டைப் 2 என்றாலும் பல வருஷம் இன்சுலின் போடுபவர்களுக்கு இது வரலாம்.

மலேசியாவில் இதைப் பற்றிப் பேசக் காரணம் சொல்லத் தேவையில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம். பத்துப் பேரில் மூன்று பேர். நம் வீட்டில் இனிப்புநீர் என்பது நோயின் பெயர் மாதிரியே இல்லை, சொந்தக்காரர் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

சர்க்கரை ஏறுவதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். தே ஓ கோசோங் கேட்பதும், தீபாவளிக்கு முறுக்கு மட்டும் எடுப்பதும் அதனால்தான். இறங்குவதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அந்தப் பேச்சை 80 வருஷத்துக்கு முன்பே தெளிவாக எழுதி வைத்தவர் ஒருவர் இருக்கிறார். அவரும் ஊசி போட்டு உயிர் வாழ்ந்தவர்தான். டாக்டர் ராபின் டேனியல் லாரன்ஸ். நீரிழிவு மருத்துவத்தில் பெரிய பெயர். ஆனால் அவர் டாக்டர் ஆனதும், நோயாளி ஆனதும், பிழைத்ததும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நடந்த கதை.

ஒரு எலும்புத் துண்டு

லாரன்ஸ் பிறந்தது 1892 நவம்பர் 18, ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில். அப்பா பிரஷ் தயாரிக்கும் தொழில் நடத்தியவர், வசதியான குடும்பம். பையன் முதலில் படித்தது மருத்துவம் இல்லை. பிரெஞ்சும் ஆங்கிலமும் படித்துப் பட்டம் வாங்கினார். பிறகு லண்டனில் உறவினரின் துணிக்கடையில் வேலைக்குப் போனார். சில வாரம்கூட தாங்கவில்லை. திரும்பி வந்து அதே அபர்டீன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். (படித்த படிப்பு ஒன்று, பார்க்கும் வேலை வேறொன்று என்று கவலைப்படும் நண்பர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளலாம்.)

மருத்துவத்தில் அவர் பிரகாசித்தார். தங்கப் பதக்கங்கள் வாங்கினார், மாணவர் மன்றத் தலைவராக இருந்தார், பல்கலைக்கழகத்துக்காக ஹாக்கியும் டென்னிஸும் ஆடினார். 1916ல் பட்டம். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து இந்தியாவின் வடமேற்கு எல்லைக்குப் போனார். அங்கே சீதபேதி பிடித்து 1919ல் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

உடம்பு தேறியதும் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் வேலை. சர்ஜன் ஆக வேண்டும் என்பது திட்டம். காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இடமும் கிடைத்தது. 1920ல் ஒரு நாள், காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் செய்யும் அறுவைச் சிகிச்சையை ஒரு பிணத்தின் மேல் பயிற்சி செய்துகொண்டிருந்தார். உளியும் சுத்தியும் வைத்துச் செய்கிற வேலை அது. சின்ன எலும்புத் துண்டு ஒன்று தெறித்து அவர் வலது கண்ணில் பட்டது. கண்ணில் சீழ் பிடித்தது. மருத்துவமனையில் படுக்க வைத்துச் சிறுநீரைப் பரிசோதித்தபோதுதான் அதில் சர்க்கரை நிறைய இருப்பது தெரிந்தது. கண்ணில் பார்வை மங்கியது, அது திரும்பவே இல்லை. கூடவே நீரிழிவு.

அப்போது அவருக்கு வயது 28ஐ ஒட்டி.

1920ல் இளம் வயதில் நீரிழிவு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மருந்து கிடையாது. இருந்த ஒரே வழி பட்டினி மாதிரியான உணவுக் கட்டுப்பாடு. மாவுச்சத்தை ஒதுக்கி, மற்றதையும் அளந்து அளந்து சாப்பிட்டு, எலும்பும் தோலுமாகச் சில மாதங்களையோ சில வருஷங்களையோ நீட்டிக்கலாம். அவ்வளவுதான். லாரன்ஸுக்கும் சில வருஷங்கள்தான் என்று சொல்லப்பட்டது. ஒரு டாக்டரிடம் இதை மறைக்கவும் முடியாது, ஆறுதல் சொல்லவும் முடியாது.

சர்ஜன் கனவை விட்டார். அதே மருத்துவமனையின் ரசாயனப் பரிசோதனைக் கூடத்தில், டாக்டர் ஜி. ஏ. ஹாரிசன் என்பவரின் கீழ் வேலைக்குச் சேர்ந்தார். உடம்பு ஒத்துழைக்காத அந்த நாள்களிலும் ஆராய்ச்சி செய்து எம்.டி. பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதினார். பிறகு ஒரு முடிவெடுத்தார். குடும்பத்தார் கண்முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக வேண்டாம். வெயிலும் அழகும் உள்ள ஊருக்குப் போய்விடலாம். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்குப் போய், அங்கே ஒரு சின்ன கிளினிக் ஆரம்பித்தார்.

தந்தி வந்தது

அவர் ஃபுளோரன்ஸில் இருந்த நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், கனடாவின் டொரொன்டோவில், வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. ஃபிரெடரிக் பான்டிங் என்ற இளம் சர்ஜனும் சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரும் 1921 கோடையில் நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். ஜேம்ஸ் கொலிப் அதைச் சுத்தப்படுத்தினார். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அது ஊசியாகப் போடப்பட்டது. முதல் ஊசி சரிப்படவில்லை. ஜனவரி 23ல் சுத்தப்படுத்திய சாறு வேலை செய்தது. அதுதான் இன்சுலின்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மருந்து கண்டுபிடித்த அதே வேளையில் அதன் ஆபத்தும் தெரிந்துவிட்டது. கொலிப் தன் சாற்றை முயல்களுக்குப் போட்டுப் பார்த்தபோது, அளவு கூடினால் முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன. குளுக்கோஸ் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்தன. சர்க்கரையை இறக்கும் மருந்துக்கு, எங்கே நிறுத்துவது என்று தானாகத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

1922, 23 குளிர்காலத்தில் லாரன்ஸுக்கு மார்புச் சளி பிடித்தது. அதோடு நீரிழிவும் கட்டுமீறிப் போனது. கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு நடப்பதே கஷ்டம். அந்த நிலைமையில்தான் ஹாரிசனிடமிருந்து தந்தி வந்தது. இன்சுலின் கைக்கு வந்துவிட்டது, வேலை செய்கிறது, சீக்கிரம் திரும்பி வா என்பதுதான் அதன் சாரம்.

அவர் தன் காரில் கிளம்பினார். பார்வை குறைந்த ஒரு கண், மரத்துப்போன கால்கள், இத்தாலியிலிருந்து ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து இங்கிலாந்து வரை. 1923 மே 28ஆம் தேதி கிங்ஸ் காலேஜ் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். சில பரிசோதனைகளுக்குப் பிறகு மே 31ஆம் தேதி முதல் ஊசி.

இரண்டு மாதம் மருத்துவமனையிலேயே இருந்தார். உடம்பு தேறியது ஒரு பக்கம். இன்சுலின் என்ற இந்தப் புது மருந்து என்ன செய்கிறது, எவ்வளவு போட்டால் என்ன ஆகிறது என்று தன் உடம்பிலேயே படித்தது இன்னொரு பக்கம். டாக்டரும் அவரே, நோயாளியும் அவரே. அதற்குப் பிறகு அவர் வேறு துறைக்குத் திரும்பவே இல்லை.

நோயாளிக்கும் புரிய வேண்டும்

கிங்ஸ் மருத்துவமனையில் அவர் வளர்த்த நீரிழிவு கிளினிக், பிரிட்டனின் ஆரம்பகால கிளினிக்குகளில் ஒன்று, பெரியவற்றிலும் ஒன்று. 1925ல் நீரிழிவு வாழ்க்கை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதை டாக்டர்களுக்கு மட்டும் எழுதவில்லை, நோயாளிகளுக்கும் சேர்த்தே எழுதினார். 1929ல் இன்னும் எளிமையாக, அகர வரிசைப் பாடம் மாதிரி இன்னொன்று. நோயாளி தானே ஊசி போட வேண்டும், தானே சிறுநீரைச் சோதிக்க வேண்டும், எதைச் சாப்பிட்டால் எவ்வளவு மாவுச்சத்து என்று தானே கணக்குப் போட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இப்போது நமக்கு இது சாதாரணமாகத் தெரியும். டாக்டர் சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்வதுதான் நல்ல நோயாளிக்கு அடையாளம் என்றிருந்த காலத்தில் இது சாதாரணம் இல்லை.

அவரிடம் வந்த நோயாளிகளில் ஒருவர் ஹெச். ஜி. வெல்ஸ். கால இயந்திரம் பற்றியும் செவ்வாய் கிரக வாசிகள் பற்றியும் கதை எழுதிய அதே வெல்ஸ்தான். இருவரும் முன்னின்று 1934ல் நீரிழிவு நோயாளிகளுக்கான சங்கத்தை ஆரம்பித்தார்கள். டாக்டர்களும் நோயாளிகளும் ஒரே மேசையில் உட்காரும் சங்கம். இன்றைக்கு அதன் பெயர் டயபெடிஸ் யூகே. லாரன்ஸ் அதன் நிர்வாகக் குழுத் தலைவராக 1961 வரை இருந்தார். 1950ல் அனைத்துலக நீரிழிவுச் சம்மேளனம் தோன்றியபோது முதல் தலைவரும் அவரே. ஒவ்வொரு நவம்பர் 14ஆம் தேதியும் நம்ம ஊர் கிளினிக் கெசிஹாத்தான் வரைக்கும் கொண்டாடுகிறார்களே, உலக நீரிழிவு தினம், அதை 1991ல் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்தது அந்தச் சம்மேளனம்தான். தேதி மட்டும் பான்டிங்கின் பிறந்தநாள். லாரன்ஸின் பிறந்தநாள் நான்கு நாள் தள்ளி வருகிறது, யாரும் கேக் வெட்டுவதில்லை.

1941: அலாரம் அடிக்கவில்லை

இப்போது நாம் ஆரம்பித்த இடத்துக்கு வருவோம்.

1941ல் லான்செட் மருத்துவ இதழில் லாரன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். அதற்குள் அவரே 18 வருஷமாக இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் வந்த பலரும் பத்து வருஷத்துக்கு மேல் ஊசியில் வாழ்பவர்கள். உலகத்திலேயே அப்படி நீண்ட காலம் இன்சுலினில் வாழ்ந்த முதல் தலைமுறை அவர்கள். அதனால் முந்தைய டாக்டர்கள் யாரும் பார்த்திருக்கவே முடியாத ஒன்றை அவர் பார்த்தார்.

ஆரம்ப வருஷங்களில் சர்க்கரை இறங்கினால் நோயாளிக்கு வியர்க்கும், நடுங்கும், பசிக்கும். உடனே ஏதாவது இனிப்பு வாயில் போட்டுக்கொள்வார். சில வருஷம் போன பிறகு, சிலருக்கு ஐந்து, சிலருக்கு பத்து, இந்த முன்னறிவிப்பு வருவது நின்றுவிடுகிறது. நேரே மூளை மங்கும் கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். குழப்பம், பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம், கடைசியில் மயக்கம். இது ஒருவர் இருவருக்கு நடக்கும் விபத்து இல்லை, கிட்டத்தட்ட இதுவே விதி என்று அவர் எழுதினார்.

நான் இதை முதல் தடவை படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது தாப்பாவில் ஒரு கல்யாண வீடு. ரொம்ப வருஷமாக ஊசி போடும் ஓர் உறவினர், மதியச் சாப்பாடு தாமதமான நேரத்தில், யாரிடமோ சம்பந்தமில்லாமல் சண்டை பிடித்தார். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நாலு பேர் முடிவு கட்டிவிட்டார்கள். அவர் வாழ்நாளில் குடித்தவரே இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு காலத்தில் வேலை செய்த பாட்டி ஒருவர்தான் விஷயத்தைப் பிடித்தார். சர்பத் கிளாஸை அவர் வாயருகே வைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் மனிதர் பழைய மாதிரி ஆகிவிட்டார். நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

ஏன் இப்படி நடக்கிறது? மூளைக்கு முக்கியமான எரிபொருள் குளுக்கோஸ். ரத்தத்தில் அது குறைந்தால் உடம்பு மூன்று காரியம் செய்யும். முதலில் கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைக்கும். ஆனால் ஊசியில் போட்ட இன்சுலினை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. இரண்டாவது, குளுக்ககான் என்ற ஹார்மோன் வந்து கல்லீரலில் சேமித்த சர்க்கரையை வெளியே தள்ளும். டைப் 1 நீரிழிவில் சில வருஷத்திலேயே இந்த வேலை கெட்டுப்போகிறது. மிச்சம் இருப்பது மூன்றாவது, அட்ரினலின். நடுக்கம், படபடப்பு எல்லாம் அதன் வேலை. வியர்வையும் அதே அவசர நரம்புகளின் வேலைதான்.

சிக்கல் என்னவென்றால், அடிக்கடி சர்க்கரை இறங்கினால் இந்த அட்ரினலின் அலாரமும் சோம்பேறியாகிவிடுகிறது. தாப்பா ரோடு ரயில் நிலையம் பக்கத்தில் வருஷக்கணக்காகக் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், இரவில் ரயில் போனது தெரியுமா என்று. தெரியாது. காதில் கோளாறு இல்லை, பழகிவிட்டது. நேற்று ஒரு தடவை சர்க்கரை இறங்கியிருந்தால், இன்று இறங்கும்போது அலாரம் இன்னும் கீழே போன பிறகுதான் அடிக்கும். நாளைக்கு அதைவிடத் தாமதம். இப்படி உணர்வு மங்கியவர்களுக்கு, பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையாகச் சர்க்கரை இறங்கும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் ஆறு மடங்கு அதிகம்.

இன்னொரு கசப்பான உண்மையும் இருக்கிறது. கண், சிறுநீரகம், நரம்பு கெடாமல் இருக்கச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று நிரூபித்த பெரிய அமெரிக்க ஆய்வு 1993ல் வெளியானது. அதே ஆய்வில், இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கடுமையான சர்க்கரை இறக்கம் சுமார் மூன்று மடங்கு அதிகம் வந்தது. அதாவது, டாக்டர் சொன்னதை ஒழுங்காகக் கேட்பவர்தான் இதில் அதிகம் மாட்டுகிறார். ரிப்போர்ட்டில் நம்பர் அழகாக இருக்கும், வீட்டில் ஒவ்வொரு ராத்திரியும் பயமாக இருக்கும்.

இதுக்கு மாத்திரை இருக்கா?

உங்கள் கேள்வி இதுதான் என்று தெரியும். நேரடிப் பதில்: மங்கிப்போன உணர்வைத் திருப்பிக் கொண்டுவர என்று வழக்கத்தில் கொடுக்கப்படும் மாத்திரை இன்னும் இல்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. கோப்பியில் உள்ள கஃபீன், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் டெர்பியூட்டலின், மனச்சோர்வுக்கான ஃபுளுவாக்ஸெடின் வகை மருந்துகள், போதை மருந்து அளவு மீறியவர்களைக் காப்பாற்றக் கொடுக்கும் நலாக்ஸோன் என்று பலவற்றைச் சிறிய ஆய்வுகளில் பரிசோதித்திருக்கிறார்கள். கஃபீன் அறிகுறிகளைக் கொஞ்சம் கூர்மையாக்கியது. மற்றவற்றிலும் சில நம்பிக்கை தரும் அடையாளங்கள் தெரிந்தன. ஆனால் எதுவும் வழக்கமான சிகிச்சையாக ஆகும் அளவுக்கு வளரவில்லை. ஆகவே மாமாவுக்கு இரண்டு கிளாஸ் கோப்பி ஓ கொடுத்தால் போதும் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

குளுக்ககான் ஊசியும், அதையே மூக்கில் செலுத்தும் மருந்தும் இருக்கின்றன. அவை மயங்கி விழுந்தவரை எழுப்புவதற்கு. அலாரத்தைச் சரி செய்வதற்கு இல்லை.

மாத்திரை இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. சர்க்கரை இறங்குவதைச் சில வாரங்களுக்குக் கறாராகத் தடுத்துவிட்டால், போன உணர்வு பெருமளவு திரும்பி வருகிறது. 1993, 94ல் பல குழுக்கள் இதைக் காட்டின. அவற்றில் லண்டன் குழு ஒன்றும் உண்டு. அதில் இருந்த ஸ்டெஃபனி ஏமியெல், பிற்பாடு கிங்ஸ் கல்லூரியில் வகித்த பேராசிரியர் பதவியின் பெயர் என்ன தெரியுமா? ஆர். டி. லாரன்ஸ் பேராசிரியர். அவர் கண்டு சொன்ன பிரச்சினைக்கு, அவர் பெயரில் உள்ள நாற்காலியில் பின்னாளில் உட்கார்ந்தவர் பதில் தேடியிருக்கிறார்.

பிரிட்டனில் 96 பேரை வைத்து நடந்து 2014ல் வெளியான இன்னோர் ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. எல்லாரும் பல வருஷமாக டைப் 1 உள்ளவர்கள், எல்லாருக்கும் உணர்வு மங்கியிருந்தது. சிலருக்கு இன்சுலின் பம்ப், சிலருக்கு வழக்கமான ஊசி. சிலருக்குத் தோலில் ஒட்டும் சென்சார், சிலருக்கு விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர். ஆனால் எல்லாருக்கும் ஒரே பயிற்சி, ஒரே அக்கறை, 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்க விடாதே என்ற ஒரே குறி. 24 வாரத்தில் எல்லாப் பிரிவிலும் உணர்வு மேம்பட்டது. ஒருவருக்கு வருஷத்துக்குச் சராசரியாக 9 தடவை வந்துகொண்டிருந்த கடுமையான இறக்கம், ஒன்றுக்கும் கீழே குறைந்தது. அதற்காக மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை மோசமாகவும் இல்லை. விலை உயர்ந்த கருவி இருந்தவரும் சாதாரண மீட்டர் இருந்தவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேறினார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. நோயாளிக்குச் சொல்லிக் கொடு என்று லாரன்ஸ் 1925லேயே பிடித்த பிடிவாதம் இங்கே வந்து நிற்கிறது.

அப்படியென்றால் மருந்தில் செய்ய ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. இருக்கும் மருந்தை மாற்றி அமைப்பதுதான் இங்கே சிகிச்சை. இன்சுலின் அளவை டாக்டர் குறைப்பார், நேரத்தை மாற்றுவார், ராத்திரியில் அதிகம் இறக்காத புதிய வகை இன்சுலினுக்கு மாற்றுவார், குறியையே கொஞ்சம் தளர்த்துவார். ஊசி போடாதவர்களும் கவனிக்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் பலருக்குக் கொடுக்கும் கிளிக்லசைட் மாத்திரையும் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடும். வயதானவர், சிறுநீரகம் பலவீனம் என்றால் ஆபத்து கூடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. ரத்த அழுத்தத்துக்கோ இருதயத்துக்கோ கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகளில் சில, நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடலாம். வியர்வை மட்டும் வரும். இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. மருந்துப் பையை அப்படியே கொண்டுபோய் மேசையில் கொட்டி, சர்க்கரை இறங்கினால் எனக்குத் தெரிவதில்லை என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் சொல்வதே இல்லை. லைசென்ஸ் போய்விடுமோ, பிள்ளைகள் கார் சாவியை வாங்கிக்கொள்வார்களோ என்ற பயம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மீட்டரில் 4க்குக் கீழே காட்டினால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், அல்லது அரை கிளாஸ் பழச்சாறு. கோசோங் டின் பானம் உதவாது, அதில் சர்க்கரையே இல்லை. 15 நிமிஷம் கழித்து மறுபடியும் பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். ஏறிய பிறகு ஒரு ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999க்கு அழையுங்கள்.

கடைசி வருஷங்கள்

லாரன்ஸ் 1928ல் கல்யாணம் செய்துகொண்டார், மூன்று மகன்கள். சில வருஷங்கள்தான் என்று சொல்லப்பட்டவர், வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயது வரை உழைத்தார். நீரிழிவு உள்ள பெண்கள் பத்திரமாகப் பிள்ளை பெறுவது பற்றியும், நீரிழிவும் காசநோயும் சேர்ந்து வருவது பற்றியும் ஆராய்ந்து எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்தது. அப்போதும் சங்க வேலையை விடவில்லை. 1968 ஆகஸ்ட் 27ஆம் தேதி லண்டனில் தன் வீட்டில் காலமானார். வயது 75. முதல் ஊசிக்குப் பிறகு 45 வருஷம்.

அந்தக் கல்யாண வீட்டு உறவினரைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் இன்னும் இருக்கிறார், இன்னும் கார் ஓட்டுகிறார். டாக்டர் ஊசி அளவை மாற்றிக் கொடுத்த பிறகு, சில மாதங்களில் பழையபடி வியர்க்க ஆரம்பித்தது என்று சந்தோஷமாகச் சொன்னார். வியர்த்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒருவரை நான் அப்போதுதான் பார்த்தேன். போன வருஷம் கேமரன் மலைக்குப் போகலாம் என்று அவர் வீட்டு வாசலில் எல்லாரும் காரில் ஏறி உட்கார்ந்தாச்சு. அவர் மட்டும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து விரலைக் குத்திப் பார்த்தார். 4.7. வண்டி ஓட்டுவதற்கு 5க்கு மேல் இருக்க வேண்டும் என்பது அவர் டாக்டர் சொன்ன கணக்கு. சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, எங்களையும் இறங்கச் சொல்லி, ரொட்டி சானாய் சாப்பிடக் கூட்டிப்போனார். ரிங்லெட் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.